பார்க்க எதுவும் இல்லாத ஊருக்கு, மறுபடியும்

இந்த முறையும் அதே ஊருக்குத்தான் போய்வந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை, சொன்னால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள், அதற்கு என்னிடம் பதில் கிடையாது. கடல் இருக்கிறது, ஆனால் சுவரொட்டியில் போடுகிற நீலக் கடல் இல்லை, பெரும்பாலும் சாம்பல் நிறம். கரையை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது, ஓர் இடத்தில் காரணமே இல்லாமல் நின்றுவிடுகிறது. கோட்டை கிடையாது, அருவி கிடையாது, மேலே ஏறி நின்று படம் எடுக்க ஒரு பாறைகூடக் கிடையாது. பயணக் கட்டுரை எழுத இதைவிட மோசமான ஊர் அமையாது. ஓய்வெடுக்க இதைவிட நல்ல ஊர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஓய்வுக்காகக் கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் போய்ச் செய்வது என்ன? காலை ஆறு மணிக்கு அலாரம், எட்டுக்குள் முதல் இடம், மதியத்துக்குள் மூன்றாவது இடம், நடுவே எங்கே சாப்பிடுவது, எந்த வண்டி, எந்த வழி, மழை வந்தால் என்ன செய்வது என்று வரிசையாக முடிவுகள். அலுவலகத்தில் நம்மைக் களைப்பாக்குவதும் இதே முடிவுகள்தானே, மேசையும் நாற்காலியும் மட்டும் மாறியிருக்கின்றன. புது ஊர் பார்ப்பது ஓர் ஆசை, ஓய்வு வேறோர் ஆசை. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் முடிக்கப் பார்த்தால் பொதுவாக ஓய்வுதான் தோற்கும்.

பழகிய ஊரில் இந்த முடிவுகளெல்லாம் முன்பே எடுத்தாகிவிட்டது. எந்தத் தெரு எங்கே திரும்பும், எந்தப் பக்கம் நிழல், விளக்கு சுவிட்ச் எந்தச் சுவரில், எல்லாம் கைக்குத் தெரியும்.

இரவு ரயிலில் போவேன். சீக்கிரம் போய்ச் சேர வேறு வழிகள் உண்டு, ஆனால் ரயிலில் படுத்தால் எனக்கு வரும் தூக்கம் வீட்டில் வருவதில்லை. இது என் மனப்பிரமை என்றுதான் நினைத்திருந்தேன். 2019-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில், மெதுவாகப் பக்கவாட்டில் ஆடும் கட்டிலில் இளைஞர்களைப் படுக்கவைத்து ஆராய்ந்தார்கள். ஆடாத கட்டிலில் படுத்த இரவைவிட அன்று விரைவாகத் தூங்கினார்கள், ஆழ்ந்த தூக்கம் கூடியது, நடுவில் விழிப்பது குறைந்தது. தொட்டில் கட்டிய பாட்டிமார்களுக்கு இது செய்தியே இல்லை. ரயில் அவ்வளவு நாகரிகமாக ஆடுவதில்லை என்பதும் உண்மைதான், ஆனாலும் எனக்கு அது வேலை செய்கிறது.

படுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்வேன். முடிக்காமல் விட்டுவந்த வேலைகள், திரும்பியதும் யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும், எதை எப்போது தொட வேண்டும், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பையின் அடியில் போட்டுவிடுவேன். 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகம் இதைச் சோதித்துப் பார்த்தது. தூங்கப்போகும் முன் ஐந்து நிமிடம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். போனை அணைத்துவிட்டால் வேலை மறந்துபோகும் என்று பலர் நம்புகிறார்கள், எனக்கு அப்படி நடந்ததே இல்லை. போன் அணைந்திருக்கும், தலைக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும். தாளில் இறக்கிவைத்த பிறகுதான் அது ஓய்கிறது.

போனதும் அதே விடுதி, முடிந்தால் அதே அறை. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராமல் புரண்டுகொண்டிருப்பது எல்லோருக்கும் பழக்கமானதுதான். தூக்கத்தை ஆராய்கிறவர்கள் இதை முதல் இரவு விளைவு என்கிறார்கள். 2016-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மூளையை அளந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது: அறிமுகமில்லாத இடத்தில் படுத்த முதல் இரவு, மூளையின் ஒரு பாதி, குறிப்பாக இடப் பக்கத்தின் ஒரு பகுதி, மற்றப் பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் அதுதான் அதிகம் விழித்துக்கொள்கிறது. டால்பின்கள் பாதி மூளையால் தூங்கிப் பாதி மூளையால் காவல் இருப்பதன் மங்கலான வடிவம் போல. அப்படியானால் மூன்று ஊர், மூன்று விடுதி, மூன்று இரவு என்று திட்டம் போடுகிறவர்கள் பாதி மூளைக்கு மட்டும் விடுமுறை கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்றுதான் அர்த்தம். நான் வீட்டிலிருந்து தலையணை உறையையும் எடுத்துப் போவேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

முதல் நாள் அவ்வளவு அழகாக இருக்காது, இதையும் சொல்லிவிட வேண்டும். தலை கனக்கும், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், சில சமயம் மூக்கும் ஒழுகும். வேலை நாள் முழுக்கத் திடமாக ஓடிவிட்டு விடுமுறை தொடங்கியதும் படுத்துவிடுகிறவர்களைப் பற்றி நெதர்லாந்தின் உளவியலாளர் ஆட் விங்கர்ஹூட்ஸ் ஆராய்ந்து, இதற்கு ஓய்வு நோய் என்று பெயர் வைத்தார். அவர் கேட்டவர்களில் சுமார் 3 சதவீதம் பேர் தங்களுக்கு இது உண்டு என்றார்கள். நான் அந்தக் கூட்டம்தான் என்று நினைக்கிறேன். கிளம்பும் நாள் நள்ளிரவு வரை வேலை பார்த்துவிட்டு ஓடிப்போய் ரயில் ஏறினால் இது நிச்சயம், கடைசி நாளைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறேன்.

அப்புறம் வருவது சலிப்பு. இதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. தூங்கி எழுந்தாயிற்று, நடந்தாயிற்று, புத்தகத்தில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாயிற்று, இன்னும் மதியம்தான் ஆகிறது. கை தானாகப் பைக்குள் போய் போனைத் தேடும். பக்கத்து ஊரில் ஏதோ இருக்கிறதாமே, வண்டி பிடித்துப் போய்வந்தால் என்ன என்று ஓர் எண்ணம் வரும். நேரத்தை வீணாக்குகிறோமே என்று குற்ற உணர்ச்சிகூட வரும், யாரோ நாளைக்கு வந்து கணக்குக் கேட்கப்போவது போல. இந்த இடத்தில் எழுந்து ஓடிவிடாமல் உட்கார்ந்திருப்பதுதான் மொத்தப் பயணத்திலும் கடினமான பகுதி. எதிர்த்துப் போராட வேண்டாம், சலித்துக்கொண்டே இருக்கலாம், அதற்கும் அனுமதி உண்டு. எனக்கு வழக்கமாக மறுநாள் காலையில் அது போய்விடுகிறது, எப்போது போனது என்று தெரியாது. அலை எங்கே உடைகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பேன், திரும்பிப் பார்த்தால் விடுதி கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். நாம் முயன்று ஒன்றில் நிறுத்தும் கவனம் களைத்துப்போகும் ஒரு சக்தி. மேகம், இலையசைவு, ஓடும் தண்ணீர் போன்றவை நம் கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் நம்மிடம் எதையும் கேட்காது, அந்த நேரத்தில் களைத்த கவனம் தேறிக்கொள்ளும் என்பது அவர்கள் கருத்து. போன் திரையும் கண்ணைப் பிடித்துத்தான் வைக்கிறது, ஆனால் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது, இதைப் பார், அதற்குப் பதில் சொல், இதை வாங்கு என்று.

நண்பன் ஒருவனை ஒருமுறை கூட்டிப்போயிருந்தேன்.

"இங்க என்னடா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்டா."

"சரி, அதை எப்படிப் பண்றது?"

அவன் கேலிக்குக் கேட்கவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டான். அவனுக்கு ஓய்வு என்றால் கயிற்றைக் கட்டிக்கொண்டு செங்குத்தான பாறையில் ஏறுவது, விரல் தோல் உரிந்து திங்கட்கிழமை அலுவலகத்துக்கு மலர்ந்த முகத்தோடு வருவான். அதையும் ஓய்வு என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. சபீனே சொனன்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் வேலைக் களைப்பிலிருந்து மனிதர்கள் மீள்வதை நான்காகப் பிரித்தார்கள்: மனம் வேலையிலிருந்து விலகுவது, உடலும் மனமும் தளர்வது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் தேர்ச்சி பெறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. நண்பனுக்கு மூன்றாவது, எனக்கு நான்காவது. பாறையில் தொங்கும்போது அலுவலகத்தை நினைக்க முடியாது என்பதால் முதலாவதும் அவனுக்குச் சும்மா கிடைத்துவிடுகிறது, அந்த விஷயத்தில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

அந்த நான்காவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அக்கா ஞாபகம் வரும். குடும்பத்தோடு வருடா வருடம் போகிறாள், நல்ல நல்ல இடங்களுக்குத்தான். யாருக்கு எத்தனை உடுப்பு, யாருக்கு எந்த மருந்து, சின்னவன் எப்போது தூங்க வேண்டும், பெரியவளுக்குச் சார்ஜர் எடுத்தாயிற்றா என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து திரும்பி வந்து துணி துவைப்பது வரை எல்லாம் அவள் தலையில். மற்றவர்கள் ஓய்வெடுக்கிறார்கள், அவள் அந்த ஓய்வை நடத்துகிறாள். குடும்பச் சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை, குழந்தைகளுக்கு அது வேண்டும். ஆனால் அதைக் காட்டி "நீயும்தானே வந்தாய், இன்னும் என்ன களைப்பு" என்று கேட்பது அநியாயம்.

திரும்பி வரும்போது ஒரு நாள் இடைவெளி விட்டு வருவேன். காலையில் ரயில் இறங்கி நேரே வேலைக்குப் போவது வீரம்தான், ஆனால் மதியத்துக்குள் மூன்று நாள் ஓய்வும் கரைந்துவிடும். எப்படியும் கரையத்தான் போகிறது. ஜெசிகா டி புளூம் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 23 நாள் விடுமுறை போனவர்களின் நலம் எட்டாவது நாளில் உச்சத்துக்குப் போயிருக்கிறது, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டிருக்கிறது. இதைப் படித்துச் சிலர் அப்புறம் எதற்குப் போவது என்பார்கள். இரவு தூங்கி எழுந்த தெம்பும் மறுநாள் இரவுக்குள் தீர்ந்துதானே போகிறது, அதற்காகத் தூங்காமல் இருக்கிறோமா? நான் எடுத்துக்கொண்டது வேறு: வருடத்துக்கு ஒரு நீண்ட விடுப்புக்காகப் பல்லைக் கடித்துக் காத்திருப்பதைவிட, சின்னச் சின்னதாக அடிக்கடி.

அடிக்கடி ஊருக்குப் போக எல்லோருக்கும் வசதிப்படாது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் பதில்களை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இயற்கையோடு இருந்தவர்கள் தங்கள் ஆரோக்கியமும் மனநிலையும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே தடவையில் 120 நிமிடமா, பிரித்துப் பிரித்தா என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற கேள்வி இருக்கிறது, நியாயமான கேள்வி, ஆனாலும் முயன்று பார்ப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் போனில் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கென்ன, தனி ஆள், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றாள், மறுக்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். அடுத்த மாதம் இரண்டு நாள் தனியாகப் போகிறாளாம். எங்கே என்று அவளுக்கே தெரியாதாம், அறை, வண்டி எல்லாம் அத்தான் பார்த்துக்கொள்கிறார், தன்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. அன்றே எனக்கு அத்தானிடமிருந்து செய்தி: "சின்னவனோட மருந்து எந்த அலமாரியில இருக்கும், உனக்குத் தெரியுமா?"