அரிசிச் சாக்கில் வந்த மூக்கு

வட சென்னை எர்ணாவூர் மேம்பாலத்து ஏற்றத்தில் என் காரின் ஃபைபர் மூக்கு துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து காலி அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்துவந்து, "எல்லாத்தயும் பொறுக்கிக்கோ சார், ஒண்ணு கூட வுடாத" என்றார். கிடந்தால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். நானும் என் மகளும் குனிந்து பொறுக்கினோம். பின்னால் கண்டெய்னர் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனாலும் கண்ணில் பட்ட நகம் அளவு துண்டைக்கூட அவள் விடவில்லை.

போன ஐப்பசியில் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை காலை, மணலியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தில் டிரைலர் வரிசை. எனக்கு முன்னால் நின்ற டிரைலர் கிளம்பும்போது பின்னால் உருண்டது. ஹாரன் அடித்தேன், ரிவர்ஸ் போட்டேன். பின்னால் பைக்குகள் ஒட்டிக்கொண்டு நின்றதால் நகர வழியில்லை. நாலடிதான் உருண்டிருக்கும். அந்த டிரைலரின் பின்கம்பி இருந்த உயரமும் என் பானெட்டின் உயரமும் ஒன்று. இடது பக்கமாக ஏறி நொறுக்கிக்கொண்டு வந்து, முன் கண்ணாடிக்கு ஒரு ஜாண் தள்ளி நின்றது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தது என் மகள்.

அவளுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். டிரைவர் சேலத்துப் பையன். இரண்டு ராத்திரியாகத் துறைமுக வரிசையில் தூங்காமல் நின்றிருக்கிறான். இறங்கி வந்து என் மகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் வாங்கிக்கொண்டேன், இன்சூரன்சுக்கு அது வேண்டும்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சான் ஸ்டார்ம். கோவாவில் சான் மோட்டார்ஸ் 1998ல் கொண்டுவந்த இரண்டு சீட்டு வண்டி. மேல் கூரையைத் திறந்துவிடலாம். ரெனோ என்ஜின், 1149 சிசி, 60 குதிரைசக்தி. இன்றைக்கு இந்த எண்ணைச் சொன்னால் சின்னப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் உடம்பு முழுக்க ஃபைபர், எடை குறைவு, தரையோடு தரையாக உட்கார்ந்து போகும். இப்போது அதைச் செய்வதில்லை. என்னுடையது 2001 மாடல். 2008ல் பெங்களூரில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன்.

எனக்கு ஏன் இந்த வண்டி என்றால், என் நைனா. பி அண்ட் சி துணி மில்லில் ஃபிட்டராக இருந்தார். எண்பதுகளில் சோழவரத்தில் ரேஸ் நடக்கும் நாளில் ரெட்ஹில்ஸ் பஸ்ஸில் என்னை இட்டுக்கொண்டு போவார். சோழவரம் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். நிழல் கிடையாது. ஓடுதளத்தின் சூட்டில் தூரத்து வண்டிகள் தண்ணீரில் மிதப்பது மாதிரி தெரியும். பெரிய வண்டிகள் போகும்போது நைனா பேசமாட்டார். சிப்பானி டால்ஃபின் என்ற குட்டிக் கார் வந்தால் மட்டும் என் தோளைத் தட்டுவார். "பார்றா, ஃபைபர் உடம்பு. எடை இல்ல, அதான் வளைவுல வுட்டுக் குடுக்காம போறான்" என்பார். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் போகவில்லை. ஆனால் ஃபைபர் உடம்பு என்ற சொல் என்னைவிட்டுப் போகவில்லை.

விபத்துக்கு அடுத்த வாரம் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். பொறுமையான மனிதர். இந்தக் கணக்கை எனக்கு யாரும் முன்னால் சொல்லித் தந்ததில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். பாலிசியில் வண்டியின் மதிப்பு 1,80,000 என்று போட்டிருந்தது. ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்', முழு நஷ்டம். என் வண்டிக்கு அந்த எல்லை 1,35,000. ரிப்பேர் என்றாலும் முழுப் பணமும் வராது, ஒவ்வொரு பொருளுக்கும் கழிவு உண்டு. ஃபைபருக்கு 30 சதவீதம். ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50. பத்து வருடம் தாண்டிய வண்டியின் இரும்புக்கும் 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. எல்லாம் போக அவர் கணக்கு 1,41,000ல் வந்து நின்றது. ஆறாயிரம் ரூபாயில் என் வண்டி செத்துப்போனதாக எழுதப்பட்டது.

அதற்கு மேல் இரண்டு வழி. உடைந்த வண்டியை அவர்களிடமே விட்டுவிட்டால், என் பங்காகப் பிடிக்கும் 1,000 போக 1,79,000 கையில் வரும். வண்டியை ஆர்.சி.யோடு நானே வைத்துக்கொள்வதென்றால், உடைந்த வண்டிக்கு ஏலத்தில் வந்த விலையான 55,000ஐக் கழித்துக்கொண்டு 1,24,000 தருவார்கள். என் லேத் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும், "இன்னாபா, வண்டியும் உன்து, ஒண்ணே கால் லட்சமும் உன்து, இன்னும் இன்னா யோசனை" என்று கேட்டார்கள். அது தப்புக் கணக்கு. உண்மையில் என் உடைந்த வண்டியை நானே 55,000 கொடுத்து வாங்குகிறேன். அதற்கு மேல் சரிபண்ண எனக்கு 95,000 ஆகும் என்று போட்டு வைத்திருந்தேன், என் கைவேலைக்குக் கூலி போடாமல். ஆக, நைனாவின் ஆசைக்கு விலை 1,50,000. அப்படி எழுதிப் பார்த்தால்தான் மனசு நேராக யோசிக்கிறது.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து என்ஜினும் கியர்பாக்ஸும் மட்டும் கேட்டார். அதை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவரிடமும் ஒரு ஸ்டார்ம் இருக்கிறது. கதவு, கூரை, கியர்பாக்ஸ் எல்லாம் பழுது, மூன்று வருடமாக ஷெட்டில் நிற்கிறதாம். "உங்க வண்டியைக் குடுத்தீங்கன்னா என்னுது ஒண்ணு முழுசா எழுந்திரிக்கும்ங்க. எழுபதாயிரம் தர்றேன்" என்றார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. இரண்டு வண்டியும் பாதியாக நிற்பதைவிட ஒன்றாவது ரோட்டில் ஓடட்டும் என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

காசிமேட்டில் என் பட்டறை இருப்பதில் ஒரு வசதி. ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் நூறடியில் இருக்கிறார்கள். கட்டுமரம் போய் ஃபைபர் போட் வந்த காலம், அதிலும் 2004 சுனாமிக்குப் பிறகு போட்டுகள் மொத்தமாக வந்த காலத்திலிருந்து இங்கே அது ஒரு தொழில். என் பட்டறையில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கடைய வரும் ஒரு அண்ணன் இருபது வருடமாக ஃபைபர் ஒட்டுகிறார். சாக்கை அவர் முன்னால் கொட்டினேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து, முறிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒடம்ப நான் பாத்துக்குறேன் தம்பி. எலும்ப நீ பாரு. எலும்பு கோணலா இருந்தா என்கிட்ட எடுத்துனு வராத."

இதைத்தான் இந்தப் பதிவில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். தகர வண்டியில் அடிபட்டால் நெளிவு தெரியும், எது வரை போயிருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஃபைபர் நெளியாது. நொறுங்கி உதிர்ந்துவிடும். உதிர்ந்தது உதிராததைவிடப் பயங்கரமாகத் தெரியும். ஆனால் அடி உள்ளே எவ்வளவு போனது என்பது, ஃபைபரைத் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குத்தான் தெரியும். சட்டம் கோணிவிட்டால் வண்டி நேராகப் போகாது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். மேலே என்ன பெயின்ட் அடித்தாலும் அது அப்படியேதான்.

இன்னொன்று. நான் அளக்கும் முன்பே எல்லையை எழுதி வைத்தேன். சஸ்பென்ஷன் வந்து பூட்டும் நாலு இடங்களில் மூலைக்கு மூலை குறுக்காக அளக்கும்போது இரண்டு அளவுக்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், வண்டி கோயம்புத்தூருக்குப் போகும். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதித் தேதி போட்டேன். அளந்த பிறகு எல்லையைத் தேடினால் ஆசை அதை இழுத்துக்கொண்டு போகும். 7 வந்தால் 7 பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றியிருக்கும்.

நாலு இடத்திலும் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, குண்டின் முனை தொட்ட இடத்தைத் தரையில் குறித்தேன். வண்டியைத் தள்ளி வெளியே எடுத்துவிட்டுத் தரையில் இருக்கும் நாலு புள்ளியை மட்டும் டேப்பால் அளந்தோம். டேப்பைப் பிடித்தது நான், படித்தது என் மகள். அவளுக்கு இந்த வண்டி வேண்டும் வேண்டாம் என்று ஒரு பக்கமும் இல்லை. அதனாலேயே அவளைப் படிக்கச் சொன்னேன். முதல் குறுக்கை எழுதினாள். இரண்டாவதை எழுதினாள். கழித்துப் பார்த்து, "மூணு, அப்பா" என்றாள். எனக்கு நம்பிக்கை வராமல் நூலையெல்லாம் அவிழ்த்துத் திரும்பக் கட்டி அளந்தோம். மூன்றுதான்.

சட்டத்தில் அந்த நாலு இடங்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புக் குழாய்கள் 22 மில்லிமீட்டர் கோணியிருந்தன. அவை அடியை வாங்கிக்கொண்டு, நாங்கள் உட்காரும் கூண்டைக் காப்பாற்றியிருக்கின்றன. வண்டியின் அடையாளமான சேசிஸ் எண் பொறித்த இடமும், கோணிய குழாயை வெட்டுகிற இடமும் வேறு வேறு, அதுவும் நல்லதாகப் போயிற்று. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். எனக்கும் அடுத்த முறை வரும். அந்த எண்ணில் கை வைத்துவிட்டு ஆர்.டி.ஓ. முன்னால் போய் நிற்க முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் என் மனைவி கேட்ட கேள்விக்கு டேப்பில் பதில் இல்லை. "நீங்க ஓட்டுங்க, வாணான்னு சொல்லல. பாப்பாவ ஏன் அந்த ரோட்ல இட்டுனு போனீங்க?" என்றாள். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி ரோட்டிலும் டிரைலர்தான் ராஜா. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு என் வண்டி கண்ணாடியில்கூடத் தெரியாது. எனக்கு அது பதினாறு வருடமாகத் தெரியும். தெரிந்தும் அவளை அந்த சீட்டில் உட்கார வைத்தேன். ஒரு ஜாண் என்பதை நினைக்கும்போதெல்லாம் வயிறு பிசைகிறது.

ஆகவே முடிவு இது. வண்டி என்னிடமே இருக்கும். மகளோ வேறு யாருமோ அதில் உட்கார்ந்து கண்டெய்னர் போகிற ரோட்டுக்கு வரமாட்டார்கள். நான் தனியாக ஓட்டும்போதும் ஏற்றத்தில் டிரைலர் நின்றால் முழுசாக ஒரு வண்டி நீளம் விட்டுத்தான் நிற்பேன், பின்னால் யார் எவ்வளவு ஹாரன் அடித்தாலும். டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டதால் பழைய பாலிசியும், கிளெய்ம் எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும் (பிரீமியத் தள்ளுபடி) போய்விட்டன. முழு இன்சூரன்ஸ் திரும்பக் கிடைத்தால்தான் ரோட்டில் இறக்குவது. மனைவி இதற்கெல்லாம் சரி என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றிருக்கிறாள்.

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மூக்குக்கு அச்சு எடுக்கும்போது அந்த அச்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கும் ஒரு மூக்கு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கொம்புக் குழாய் வேலை மார்கழியில் முடிந்தது. அதே கனத்தில் குழாய் வாங்கி, உள்ளே வைக்கும் ஸ்லீவை என் லேத்திலேயே கடைந்து, சாய்வாக வெட்டிப் பற்றவைத்தோம். ஃபைபர் அண்ணன் தை பிறக்கும் வரை கிட்டவே வரமாட்டேன் என்றுவிட்டார். மழை ஈரத்தில் ஃபைபர் ஒட்டும் ரெசின் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்குமாம். அவரோடு எனக்கு ஒரே வாக்குவாதம் கனத்தைப் பற்றித்தான். போட்டுக்கு ஒட்டுகிற கை, கண்ணாடி இழைப் பாயை அடுக்கிக்கொண்டே போகும். என் வண்டிக்கு மூன்று மில்லிமீட்டர் போதும், அதற்கு மேல் போனால் எடை. "அலை அடிச்சா தாங்காது தம்பி" என்கிறார். ரோட்டில் அலை இல்லை அண்ணே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு ஓரத்தை வெட்டிக் கனம் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

போன ஞாயிறு பட்டறைத் தரையில் தார்ப்பாய் விரித்துச் சாக்கைக் கொட்டினோம். என் மகள் மார்க்கரால் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண் போட்டு, முறிவோடு முறிவு சேர்த்து வைத்துக்கொண்டே வந்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. 41 துண்டு. பின்பக்கம் ஒட்டி முழு மூக்காக்கி, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சிலிருந்து புது மூக்கு. அதுதான் திட்டம். சீட்டில் உட்கார்ந்து பார்க்கிறாயா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் அந்தப் பக்கம் போகவில்லை.

இடது விளக்குக்குக் கீழே உள்ளங்கை அளவு ஒரு துண்டு மட்டும் இல்லை. அதற்கு வலது பக்கத்திலிருந்து அட்டையில் வரைந்து, திருப்பிப் போட்டு வெட்டி வைத்திருக்கிறேன். அண்ணன் வியாழக்கிழமை வருகிறார்.