ஒரே ரூமில் நால்வர்: ஜாஸ் ரெக்கார்டிங் நாட்குறிப்பு

ஜூலை 17, வியாழன்

ஞாயிறு செஷனுக்கு ரூம் தயாராகிறது. சாக்ஸ், பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ். நாலு பேரும் ஒரே ரூமில், ஒரே நேரத்தில். டிரம்ஸ் வாசிக்கிற தம்பி போனில் கேட்டார்: "ஏனுங்ணா, எனக்குக் கண்ணாடி ரூம் தனியா உண்டுங்களா?" உண்டு. ஆனால் ஜாஸுக்கு அது ஆகாது. பேஸ்காரர் விரலைப் பார்த்துத்தான் ரைடு சிம்பலில் (தாளம் ஓட்டுகிற பெரிய தட்டு) குச்சி விழ வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தால் அந்த நெருக்கம் வராது.

ரூம் சின்னது என்று சாக்குச் சொல்லவும் முடியாது. ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர் 1950-களில் ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் இசைத்தட்டுகளை நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு ஹாலில் பதிவு செய்தவர். தனியாக ஸ்டூடியோ கட்டிக்கொண்டு போனது 1959-இல்தான்.

எங்கள் ரூம் 24-க்கு 18 அடி. டிரம்ஸைச் சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போடுகிறோம்; மூலையில் போட்டால் கிக் (காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்) ஊதிப்போகும். பியானோவின் வளைவில் பேஸ். டிரம்ஸுக்கும் பியானோவுக்கும் நடுவே ஒரு தடுப்பு, உயரம் நாலடி; உட்கார்ந்தாலும் முகம் தெரிய வேண்டும். உள்ளே 100 மி.மீ. ராக்வுல் (கல்லை உருக்கி நூற்ற பஞ்சு), மேலே பவானி ஜமக்காளம். ஜமக்காளத்தை மட்டும் சுற்றித் தொங்கவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது சிம்பலின் கூர்மையைத் தின்றுவிடும். கிக்கும் தரையில் நிற்கிற ஃப்ளோர் டாம் டிரம்மும் தாராளமாகத் தாண்டி வரும். ரூம் மந்தமானதுதான் மிச்சம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஈரம் ஏறினால் பியானோவின் சவுண்ட்போர்டு (கம்பிக்கு அடியில் உள்ள மரப்பலகை) உப்பும், நடு ஆக்டேவ் சுருதி மேலே போகும். அதனால் இன்றே ஏசியைப் போட்டு ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தியாகிறது. டியூனிங் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வாசிக்கப்போகிற அதே சூட்டில். டேக் (ஒரு பாட்டை ஒரு தடவை வாசித்துப் பதிவது) போகும்போது மட்டும் ஏசி நிற்கும். சாக்ஸ் ஆறிக் கிடந்தால் சுருதி கீழே இருக்கும். பதினைந்து நிமிஷம் ஊதிச் சூடேறிய பிறகுதான் பியானோவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரிப்பன் மைக்குக்கும் இந்தக் காற்று எமன். உள்ளே இருப்பது சில மைக்ரான் கனமுள்ள அலுமினியத் தகடு. உறை போடாமல் திறந்த கதவு வழியாக எடுத்துப்போனால் தகடு இழுபட்டுத் தொய்ந்துவிடும்.

பக்கத்துத் தறிக்குடோன் அதிர்வு தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறுகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஃபில்டர் போட்டு வெட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் டபுள் பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதிர்வோடு பேஸின் அடிவயிறும் போய்விடும். ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் கொடுப்பது பாதித் தீர்வு. தறிக்கு லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமை மீதிப் பாதி.

ஜூலை 20, ஞாயிறு

மைக் விவரம். டிரம்ஸுக்கு மூன்றே மூன்று: கிக்குக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்நேர் (வாசிக்கிறவர் முன்னால் இருக்கிற, சரசரக்கிற டிரம்) நடுவிலிருந்து ஒரே தூரம், ஒரு மீட்டர். நூல் பிடித்து அளக்க வேண்டும். தூரம் பிசகினால் ஸ்நேர் நடுவில் நிற்காது, உடம்பும் மெலியும். 18 இஞ்ச் கிக்குக்குள் தலையணை வேண்டாம். அது திறந்து ஒலிக்கிற கிக்.

பேஸுக்குப் பாலத்துக்கு (கம்பியைத் தாங்குகிற மரத்துண்டு) நேரே 40 செ.மீ.யில் ஒரு கண்டென்சர் மைக், கூடவே அதிர்வை நேராக எடுக்கிற பிக்கப். பிக்கப் சத்தம் உடனே வந்துவிடும். மைக்கிற்குக் காற்றில் வந்து சேர 1.15 மில்லி செகண்ட் ஆகும். இரண்டையும் அப்படியே கலந்தால் 430 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து பேஸ் டப்பா மாதிரி கேட்கும். பிக்கப்பை 96 கிலோஹெர்ட்ஸில் 110 சாம்பிள், அதாவது அதே 1.15 மில்லி செகண்ட், பின்னால் தள்ளினால் சதை திரும்பும்.

சாக்ஸுக்கு ரிப்பன், அரை மீட்டரில். ரிப்பனுக்கு முன்னும் பின்னும்தான் காது, பக்கவாட்டில் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தை டிரம்ஸுக்குக் காட்டிவிட்டால் சிம்பல் பாதியாகக் குறையும்.

முழுசாகக் குறைய வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுவதும் இல்லை. கசிவு, அதாவது ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் ஏறுவது, கெட்டது அல்ல; கெட்ட கசிவுதான் கெட்டது. மலிவான கண்டென்சர் நேரே வருகிற சத்தத்தை நன்றாகப் பிடிக்கும். பக்கத்திலிருந்து வருவதைத் தகரமாக்கிவிடும். அந்தத் தகரம்தான் மிக்ஸைக் கெடுக்கிறது. அதனால் மைக் தேர்ந்தெடுக்கும்போது பக்கவாட்டில் நின்றும் பேசிக் கேட்க வேண்டும். இதைச் செய்யாத ஸ்டூடியோக்கள்தான் கசிவைத் திட்டுகின்றன.

கெயின் (மைக் சத்தத்தைப் பெருக்குகிற அளவு): சாக்ஸ் சோலோவின் உச்சம் மைனஸ் 10 டிபியைத் தாண்டாதபடி. குச்சிக்குப் பதில் பிரஷ் (மெல்லிய கம்பிக் கற்றை) வாசிக்கும் இடத்தில் மீட்டர் ஊசி கீழே கிடந்தாலும் பயமில்லை, 24 பிட்டில் இடம் தாராளம். பாட்டு நடுவே கெயினைத் தொடவே கூடாது.

பாட்டுக்கு மூன்று டேக். கடைசியில் ஆளில்லாத ரூமின் அமைதியும் 30 செகண்ட்.

ஜூலை 22, செவ்வாய்

எடிட்டிங், அதாவது இரண்டு டேக்கை ஒட்டுவது. சோலோவுக்குள் கத்தி வைப்பதில்லை. ஹெட் (பாட்டின் மூல மெட்டு) திரும்ப வருகிற இடத்தில் மட்டும், ரைடு அடிக்குச் சற்று முன்னால், 15 மில்லி செகண்ட் கிராஸ்ஃபேடு (ஒன்று இறங்க மற்றது ஏறுவது). முதல் டேக்கில் கிராஷ் சிம்பல் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்து அடுத்ததில் இல்லையென்றால் வால் அறுந்தது யாருக்கும் கேட்கும்; அந்த இடம் ஒட்டாது. பேஸ்காரர் ஸ்டூலை ஓரடி நகர்த்தியிருந்தாலும் கசிவு மாறி ஒட்டு தெரிந்துவிடும். ஸ்டூல் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டுவது இதற்காகத்தான்.

ஆகஸ்ட் 2, சனி

மிக்ஸ் கேட்டுவிட்டு டிரம்ஸ் தம்பி, "ஸ்நேர் கொஞ்சம் தூக்கலா வேணுங்ணா" என்றார். ஓவர்ஹெட்டை (டிரம்ஸுக்கு மேலே உள்ள இரண்டு மைக்) தூக்கினால் அதிலிருக்கும் சாக்ஸும் கூடவே ஏறி ரூமுக்குள் பின்வாங்கும். அதனால் டிரம்ஸைத் தொடவில்லை. பியானோவின் இடது கைப் பக்கத்தை ஒரு டிபி இறக்கியதும் ஸ்நேர் மேலே வந்தது. அவர் தலையாட்டினார். மாஸ்டர் (வெளியிடுகிற கடைசிப் பிரதி) மைனஸ் 17 லஃப்ஸில் (காதுக்குக் கேட்கிற சராசரிச் சத்தத்தின் அளவு) போகிறது. ஸ்பாட்டிஃபையின் அளவு மைனஸ் 14. அதற்காக உச்சங்களை அமுக்குகிற லிமிட்டரில் நசுக்கினால் பிரஷ்ஷும் குச்சியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.