மினி பைக்: எஞ்சினைப் பிரிக்கும் முன் பல்லை எண்ணுங்கள்

வீட்டில் வெல்டிங் அடித்துச் செய்யும் மினி பைக்குகளில் அதிகம் ஏறுவது ஹோண்டா ஜிஎக்ஸ் 200, இல்லாவிட்டால் அதே அளவில் வரும் சீன எஞ்சின். 196 சிசி, 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 54 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). பம்பிலும் பவர் வீடரிலும் சளைக்காமல் உழைக்கிற எஞ்சின் இது. பைக்கில் மாட்டியதும் இழுவை இல்லை, கிளட்ச் தீய்ந்து வாடை அடிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது செயின் ஓடும் பற்சக்கரத்தை, அதாவது ஸ்ப்ராக்கெட்டை.

145/70-6 டயர் ஒரு சுற்றில் சுமார் 1.11 மீட்டர் ஓடும். கிளட்சில் 12 பல், பின் சக்கரத்தில் 72 பல் என்றால் விகிதம் 6. எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் பிடிக்கும் கவர்னர் விடும் 3600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வேகம் மணிக்கு 40 கி.மீ. வரும். சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச், அதாவது சுற்று ஏறினால் உள்ளே இருக்கும் ஷூ விரிந்து வெளி டிரம்மைத் தானே பிடிக்கும் கிளட்ச், ஏறக்குறைய 2000 ஆர்பிஎம்மில் பிடிக்கிறது என்று வையுங்கள். அந்தச் சுற்றுக்கு உரிய வேகம் 22 கி.மீ. அதுவரை ஷூ டிரம்மில் வழுக்கிக்கொண்டேதான் போகும். வேகத்துக்கு ஆசைப்பட்டு பின்னால் 48 பல் போட்டால் விகிதம் 4. அப்போது 33 கி.மீ. வரை வழுக்கல். தோட்டத்துக்குள் 15 கி.மீ.யில் சுற்றுகிற வண்டியில் அந்தக் கிளட்ச் பிடித்தபடியே இருக்க வாய்ப்பே இல்லை. டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் காரணம் இதுதான். பெரியவர் ஓட்டுவதற்கும் மேட்டு நிலத்துக்கும் 6-க்குக் கீழே இறங்காதீர்கள்.

கிளட்ச் வாங்கும் முன் எஞ்சின் சாஃப்டில் வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டத்தைப் பாருங்கள். 19.05 மி.மீ. காட்டினால் அது முக்கால் இஞ்ச், 20 மி.மீ. சாஃப்டும் உண்டு. முக்கால் இஞ்ச் கிளட்ச் அதில் ஏறாது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் கிராங்க் பேரிங்தான் அடி வாங்கும். கிளட்சின் பல் எஞ்சினை ஒட்டிய பக்கம் வரும்படி மாட்டினால் சாஃப்டின் மீது வளைக்கும் பளு குறையும். உள் புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு ஆயில் போதும். ஷூவில் பட்டுவிட்டால் வழுக்கும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் நேரான ஸ்டீல் ஸ்கேலை ஒட்டிப் பிடியுங்கள். மறுமுனை கிளட்ச் பல்லின் முகத்தில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். நான்கு போல்ட்டையும் இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள், இறுக்கும்போது எஞ்சின் நகர்ந்திருக்கும். செயின் நடுவில் 10-12 மி.மீ. தளர்வு இருக்கட்டும். தளர்வை ஒரே இடத்தில் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுக்கமாக நிற்கிற இடத்தில் அளந்து வையுங்கள்.

டியூனிங்கில் முதல் வேலை டேப்பெட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். இடைவெளி போதாவிட்டால் சூடான பிறகு வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது ஓடும் சுற்று) 1400-ல் நிற்கட்டும். அதற்கு மேல் ஏற்றிவிட்டு, ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி தானே நகர்கிறது என்று கிளட்சைத் திட்டுவதில் பயனில்லை.

ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றியிருந்தால் காற்று கூடும், பெட்ரோல் அதே அளவில் நிற்கும். எஞ்சின் ஏறி இறங்கி உறுமும், கார்புரேட்டரில் பட்டென்று வெடிக்கும். ஓடும்போது சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். சத்தம் சீரானால் பெட்ரோல் பற்றாக்குறைதான், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கலாம். பிளக் கரி பிடித்துக் கறுத்தால் ஒரு படி இறங்குங்கள்.

கவர்னரைக் கழற்றச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். கனெக்டிங் ராடு அலுமினியம், ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. இரண்டுமே 3600-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஃப்ளைவீல் சிதறினால் துண்டு பறப்பது ஓட்டுபவரின் காலுக்குப் பக்கத்தில்.

ஆயில் 0.6 லிட்டர். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது, தெறிப்பில்தான் எல்லாம் நனைகிறது. அதனால் ஃபிரேமில் 20 டிகிரிக்கு மேல் சாய்த்து வைக்காதீர்கள். மேட்டில் ஏறும்போது மட்டும் எஞ்சின் அணைகிறதா? ஆயில் மட்ட சுவிட்ச் இருக்கிற மாடல் என்றால், அதன் வயரைப் பிடுங்கும் முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள்.