80ஆம் கேள்வியும் என் கையெழுத்தும்

கல்வின் வழிவந்த புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தச் சபை ஒன்றில் மூப்பராகத் தெரிவான ஒருவர், சபையின் விசுவாச அறிக்கைகளை ஏற்றுக் கையெழுத்து வைக்கிற நேரத்தில் "எனக்கு ஒரு இடத்தில் தடங்கல் இருக்கிறது" என்று சொன்னால் என்ன நடக்கும்? இதை இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். சபையின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன இடம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் சபையில் போதகரோ மூப்பரோ உதவிக்காரரோ, பொறுப்பேற்க முன்னம் மூன்று ஆவணங்களை ஏற்றுக் கையெழுத்து வைக்க வேண்டும்: 1561இன் பெல்ஜிய விசுவாச அறிக்கை, 1563இன் ஹைடல்பர்க் வினாவிடை, 1618-19இல் ஒல்லாந்தில் சபைப் பிரதிநிதிகள் கூடிய டோர்ட் சங்கத்தின் தீர்மானங்கள். வழக்கமாக இது ஐந்து நிமிட அலுவல். ஆராதனை முடிய ஒரு பழைய கொப்பி வரும், பேனை வரும், கையெழுத்தை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். நான் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் இருந்து வாசித்தேன். டோர்ட் தீர்மானங்களில் தெரிந்தெடுப்பை, அதாவது இரட்சிப்புக்கு உரியவர்களைக் கடவுள் முன்பே தெரிந்தெடுத்தார் என்பதைப் பற்றிச் சொல்வதுதான் கடிக்கக் கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அதில் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. மாட்டிக்கொண்டது ஹைடல்பர்க் வினாவிடையின் 80ஆம் கேள்வியில்.

திருவிருந்துக்கும் கத்தோலிக்கரின் பூசைக்கும் என்ன வித்தியாசம் என்பது கேள்வி. பதிலின் முன்பாதி அருமையானது: சிலுவையில் ஒரே தரம் நிறைவேறிய பலியால் நமக்கு முழு மன்னிப்பு உண்டு என்று திருவிருந்து சாட்சி சொல்கிறது. பின்பாதி, குருமார் கிறிஸ்துவை நாளாந்தம் ஒப்புக்கொடுக்காவிட்டால் உயிரோடிருப்பவருக்கும் இறந்தவருக்கும் அவருடைய பாடுகளால் மன்னிப்பு இல்லை என்று பூசை போதிப்பதாகச் சொல்லி, கடைசியில் அதைச் சபிக்கப்பட்ட விக்கிரகாராதனை என்று முடிக்கிறது.

என் மனைவியின் ஆட்கள் பாஷையூர்க் கத்தோலிக்கர். மாமி விடிய எழும்பி அந்தோனியார் கோயில் பூசைக்குப் போகாத நாள் குறைவு. யாருடைய பாடுகளால் மன்னிப்பு என்று அவவிடம் கேட்டால் கொஞ்சமும் யோசிக்காமல் இயேசுவுடைய பாடுகளால் என்றுதான் சொல்வா. மாமிக்காக விசுவாச அறிக்கையை மாற்ற முடியாதுதான், அது எனக்கும் விளங்கும். ஆனால் ஒரு சனத்தின் போதனை இதுதான் என்று எழுதிக் கீழே என் பெயரைப் போடுவதென்றால், அது உண்மையில் அவர்களுடைய போதனைதானா என்று நான் பார்க்க வேண்டாமா?

பார்த்தேன். இந்தக் கேள்வி 1563இன் முதல் பதிப்பில் இல்லவே இல்லை. 1562 செப்டெம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் பூசையைப் பற்றித் தன் தீர்மானத்தை வெளியிட்ட பிறகுதான், இரண்டாம் பதிப்பில் சின்னதாக நுழைந்து, மூன்றாம் பதிப்பில் இந்தக் கடும் வார்த்தைகளோடு நீண்டது. அதே திரெந்துத் தீர்மானம், சிலுவையிலும் பீடத்திலும் பலிப்பொருள் ஒன்றே, ஒப்புக்கொடுக்கும் விதம் மட்டும் வேறு என்றும் சொல்கிறது. அதை நான் ஏற்கவில்லை, கிறிஸ்து ஒரே தரம் பலியானார் என்று சொல்கிற எபிரேயர் 10ஆம் அதிகாரத்தை வாசித்த பிறகு ஏற்கவும் முடியாது. ஆனால் வினாவிடை அவர்கள் வாயில் வைக்கிற வசனம் அது இல்லை.

இங்கே இது வெறும் புத்தகச் சண்டையும் அல்ல. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். 1687இல் ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரன் கோலத்தில் வந்து சில்லாலையில் தங்கி ஒளித்து ஒளித்துப் பூசை வைத்தது அதனால்தான். எங்கள் சபைப் பெரியவர்கள் கோட்டைக்குள் இருந்து போரில் இடிந்துபோன ஒல்லாந்தர் தேவாலயத்தைப் பற்றிப் பெருமூச்சு விட்டுக் கதைப்பார்கள், இந்தப் பக்கத்தைக் கதைப்பதில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். தடங்கல் இருந்தால் என்ன செய்வது என்பது டோர்ட் காலத்துக் கையெழுத்துப் படிவத்திலேயே இருக்கிறது. அறிக்கைக்கு மாறாகப் பகிரங்கமாகவோ மறைவாகவோ போதிக்கக் கூடாது. முதலில் மூப்பர் சங்கத்திடமும் பிறகு மேல்சங்கங்களிடமும் சொல்லி அவர்கள் தீர்ப்புக்குக் கீழ்ப்படிய வேண்டும். அப்படிக் கொடுக்கிற மனுவுக்குக் கிரவாமென் என்று பெயர். அதில் இரண்டு வகை உண்டு. "எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது, உதவி செய்யுங்கள்" என்பது ஒன்று. "அறிக்கையே பிழை, திருத்துங்கள்" என்பது மற்றது. பின்னதுக்கு வேதாகமத்தில் இருந்து முழு வாதமும் வைக்க வேண்டும், அது சபை முழுவதையும் சுற்றி வரும். நான் முதல் வகையைக் கொடுத்தேன்.

மூத்த மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, இதுக்கு ஏன் இவ்வளவு கரைச்சல்? எல்லாரும் வைக்கிற கையெழுத்துத்தானே, நீரும் வையும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு முழு நடைமுறையிலும் ஆகப் பயமாக இருந்தது அந்த வார்த்தைதான். விசுவாசக் கட்டுப்பாடு என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதை வாசிக்காமல் வைத்த கையெழுத்துத்தான் உள்ளிருந்து அரிக்கிறது, மனு அல்ல.

இன்னொருவர் நேர் எதிர். அவர் வட அமெரிக்கக் கிறிஸ்தவ சீர்திருத்தச் சபையில் 2022 முதல் நடக்கிறதை விடாமல் பார்த்து வந்தவர். அங்கே பாலியல் ஒழுக்கம் பற்றிய சங்கத் தீர்மானத்தோடு உடன்படாத பலர் இதே வகை மனுவைக் கொடுத்துவிட்டுப் பதவியில் தொடர, 2024 சங்கம் இது நிரந்தர விதிவிலக்கு அல்ல என்று தெளிவாக்கியது. "நீங்களும் அந்த வழியிலா?" என்று நேரே கேட்டார். கேட்டது நியாயம். எனக்கு நிரந்தர விலக்கு வேண்டாம், ஒரு முடிவு வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன். அதே சபைதான் 2006இல் 80ஆம் கேள்வியின் கடைசி மூன்று பத்திகளையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, இவை இன்றைய கத்தோலிக்கப் போதனையைச் சரியாகக் காட்டவில்லை, அங்கத்தவர்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்மானித்தது என்பதையும் சேர்த்தேன். அதைக் கேட்டு அவர் சந்தோசப்படவில்லை. எங்கள் சபை வைத்திருப்பது இன்னும் பழைய பாடத்தைத்தான்.

மூப்பர் சங்கத்தால் முடிவெடுக்க முடியாமல் விசயம் கொழும்பில் உள்ள மேல்சங்கத்துக்குப் போனது. காத்திருந்த காலம் லேசானதல்ல. பதவியேற்பு நான் இல்லாமல் நடந்தது, ஓய்வுநாள் பாடசாலை வகுப்பையும் நிறுத்தி வைத்தார்கள். வாயைத் திறக்க எனக்குத்தான் தடை, சனத்துக்கு இல்லை. "அவர் பாஷையூருக்குப் பூசைக்குப் போறாராம்" என்று கதை வந்தது. மனைவிக்குத்தான் அது கூட நொந்தது.

விசாரணைக் குழு ஸூமில் கூடியது. வாள் எடுத்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனால், மூன்று பேரும் வடிவாக வாசித்துவிட்டு வந்திருந்தார்கள். எந்த வரியை ஏற்கிறீர், எந்த வரியை இல்லை என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னார்கள். கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை வாங்குவீரா என்றார்கள். இல்லை, அவர்களும் தரமாட்டார்கள் என்றேன், ஒருவர் சிரித்துவிட்டார். பீடத்தில் வைக்கிற அப்பத்தை வணங்குவது சரியா என்று கேட்டபோது சரியில்லை என்றேன். "அப்படியென்றால் விக்கிரகாராதனை என்ற சொல்லில் என்ன தடங்கல்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அன்றைக்கு என்னைத் திணற வைத்தது அதுதான். என் தடங்கல் வணக்கத்தைப் பற்றியதல்ல, பூசையின் முழுப் போதனையையும் சிலுவையை மறுதலிப்பது என்று சுருக்கி, அதன்மேல் சாபத்தைப் போடுவதைப் பற்றியது என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். அந்த இடத்தில் பழைய பாடத்துக்கும் ஒரு பலம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

தீர்ப்பு சில பந்திகள்தான். தடங்கலைக் குறிப்பேட்டில் பதிந்துவிட்டுக் கையெழுத்து வைக்கலாம்; வினாவிடைக்கு எதிராகப் போதிக்கக் கூடாது; 80ஆம் கேள்வியைப் படிப்பிக்கும்போது அது எழுந்த காலத்தையும் சொல்லலாம்; இரண்டு வருசத்தில் மறுபடி பார்க்கப்படும், அதற்குள் தடங்கல் தீர வேண்டும், அல்லது நான் திருத்த மனுவைக் கொடுக்க வேண்டும். கையெழுத்து வைத்தேன். "இப்ப சந்தோசமோ?" என்று கேட்டபடி பேனையை நீட்டியது அந்த மூத்த மூப்பர்தான்.

மனு எழுதப் போகிறவர்களுக்கு: எதை ஏற்கிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள், ஏனென்றால் குழு ஆகக் கூட நேரம் அதில்தான் நின்றது. மேல்சங்கத்துக்குப் போகிற ஒவ்வொரு கடிதத்திலும் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நான் திருத்த மனுவுக்கு எபிரேயர் 9, 10 அதிகாரங்களில் இருந்து குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டேன். என்னைச் சந்தேகித்துக் கேள்வி கேட்டவரே வரைவைத் தனக்குக் காட்டச் சொல்லியிருக்கிறார்.