ஓநாயை மாற்றி எழுதியவர்

வசிலிகா இஸ்த்ராதே. ருமேனியத் திரைக்கதை எழுத்தாளர். எலிசபெத்தா போஸ்தான் இயக்கிய குழந்தைகள் படங்கள் பலவற்றுக்கும் எழுத்தில் துணை நின்றவர். இயக்குநர் பெயரைச் சொல்கிறவர்கள் இவரைச் சொல்வதில்லை, வழக்கம்போல.

'மா-மா' (1976) படத்தைப் பாருங்கள், அவர்கள் கையில் எடுத்தது எவ்வளவு வில்லங்கமான கதை என்று புரியும். மூலம் ருமேனிய எழுத்தாளர் இயோன் க்ரியாங்கா 1875இல் எழுதிய ஆட்டுக்குட்டிக் கதை. அதில் ஓநாய் இரண்டு குட்டிகளைக் கொன்று, தலைகளைச் சிரிக்கிற மாதிரி ஜன்னலில் வைத்துவிட்டுப் போகும். தாய் ஆடு சும்மா விடுமா? விருந்துக்கு அழைத்து, நெருப்புக்குழியின் மேல் மெழுகு நாற்காலி போட்டு உட்கார வைக்கும். இதுதான் அங்கே குழந்தைக் கதை!

இஸ்த்ராதேவும் ரஷ்யப் பாடலாசிரியர் யூரி எந்தினும் எழுதிய திரைக்கதையில் ஓநாய் குட்டிகளைத் தின்பதில்லை, கடத்திக்கொண்டு போகிறது. மற்றதெல்லாம் பாட்டும் கூத்தும்தான். தாய் ஆடாக லுத்மிலா குர்ச்சென்கோ. பனிக்கட்டித் தளத்தில் சறுக்கும் காட்சியில் நிஜமாகவே காலை உடைத்துக்கொண்டார். ஓநாய் மிகயீல் பயார்ஸ்கி. அப்புறம், ருமேனியம், ரஷ்யன், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் தனித்தனியாகவே படம் பிடித்தார்கள்.

எனக்கு அந்த ஓநாயைத்தான் ரொம்பப் பிடிக்கும்.