கரி நெருப்பின் மேல் ஏற்கெனவே ஒரு மீன்

என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா செய்த நேர்ச்சை இது. பிள்ளை பிழைத்தால் கலிலேயாக் கடலோரம் இராயப்பரின், அதாவது பேதுருவின், பாறையை முத்தி செய்ய, முத்தமிட, வேண்டும். பிழைத்தான். அம்மாவின் முழங்கால்கள் இடம் கொடுக்காததால் நான் கிளம்பினேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் விடவில்லை. "தம்பி, இரட்சிப்பு கிருபையால்தான் என்று பவுல் எபேசியருக்கு எழுதியாச்சு. அப்புறம் நேர்ச்சை எதுக்கு? ஆண்டவருக்குக் கூலியா?" "ஐயா, இரண்டு வசனம் தள்ளி, நற்செயல்கள் செய்யவே படைக்கப்பட்டோம் என்றும் அவரே எழுதுகிறாரே" என்றேன். சிரித்தார். ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பாறை இருக்கும் தாப்கா, கடல் மட்டத்துக்கும் ஏறக்குறைய 200 மீட்டர் கீழே இருக்கிறது. வெயில் வாட்டி எடுத்தது. வழியில் நின்ற இடமெல்லாம் ஒலிவ மரச் சிலுவை வாங்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள். வழிகாட்டியோ கால் மணி நேரம்தான் என்றார். 1933இல் ஃபிரான்சிஸ்கன் துறவிகள் கருங்கல்லில் கட்டிய சின்னக் கோயில். உள்ளே பீடத்துக்கு முன்னால் அந்தப் பாறை, மென்சா கிறிஸ்தி, அதாவது கிறிஸ்துவின் மேசை. உயிர்த்த இயேசு சீடர்களுக்கு உணவு கொடுத்த இடம் என்று நம்புகிறார்கள். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வந்து ஜெபித்த இடம். எங்களுக்கு முன்னால் வந்த கூட்டம் அதன் முன் நின்று படம் எடுத்து ஓய்வதாக இல்லை. போதும்பா என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பாறையில் நெற்றியை வைத்ததும் யோவான் 21ஆம் அதிகாரம்தான் மனசில் ஓடியது. இரவு முழுக்க இராயப்பரும் மற்ற சீடர்களும் போட்ட வலை காலி. வலப்பக்கம் போடுங்கள் என்றார் கரையில் நின்ற இயேசு, போட்டார்கள், 153 பெரிய மீன்கள். கரை ஏறினால் கரி நெருப்பின் மேல் ஏற்கெனவே மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது! இவர்கள் பிடித்தது அவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும், நீங்கள் இப்போது பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள் என்கிறார். அவர் கொடுத்த மீனையே இவர்கள் உழைப்பாக ஏற்று, தன் மீனோடு சேர்த்துக்கொள்கிறார். பெரியவரின் கூலிக் கேள்வி எனக்கு அங்கே தீர்ந்தது.

கரி நெருப்பருகே இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த இராயப்பரிடம், அவர் இன்னொரு கரி நெருப்பருகே மூன்று முறை கேட்டது, என்மீது அன்பு செலுத்துகிறாயா என்பது மட்டும். ஏன் மறுதலித்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு போட்டுவிட்டுத்தான் ஆடுகளை ஒப்படைக்கிறார். அந்த வேலை லேசானதும் இல்லை. நீ விரும்பாத இடத்துக்கு உன்னைக் கூட்டிப்போவார்கள் என்று சாவையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, என்னைப் பின்தொடர் என்கிறார். இராயப்பர் போனார்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, பின்னால் இருந்தவர்கள் தோளைத் தட்டினார்கள். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "முத்தி செஞ்சியா?" "செஞ்சேம்மா." "சரி, மறைக்கல்வி வகுப்புக்கு ஆள் இல்லைன்னு சாமியார் கேட்டார். நீ வருவேன்னு சொல்லிட்டேன்."

அப்புறம் கப்பர்நாகூமும் போனோம், அங்கே பார்த்தது எதுவும் ஒழுங்காக மனசில் நிற்கவில்லை. ஆண்டவரே, பிள்ளைக்காக நன்றி. அம்மாவின் விசுவாசத்துக்கு நன்றி. வாதாடி வந்த அந்தப் பெரியவருக்கும் நன்றி. மறைக்கல்வி வகுப்புக்கும் சேர்த்து நன்றி, அந்தப் பிள்ளைகள் எவ்வளவு சத்தம் போடுவார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.