ஆற்றுப் படகில் ஒரு கிணற்று ஆயில் என்ஜின்

காவிரியில் நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையின் தேக்கத்தில் என் மனைவியின் தம்பி ஓட்டும் படகில் இருப்பது, முன்பு அந்தியூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிணற்று நீரை இறைத்துக்கொண்டிருந்த ஒற்றை சிலிண்டர் ஆயில் என்ஜின். 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று, சிலிண்டரின் உள்விட்டம் 114.3 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 139.7 மி.மீ. இவை இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் நிறுவனம் வகுத்த அளவுகள். அதே வடிவத்தை ராஜ்கோட் பட்டறைகள் பின்னாளில் ஏராளமாக வார்த்துத் தள்ளின. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பிறகும், மின்கம்பி எட்டாத கொங்குத் தோட்டங்களில் பல பத்தாண்டுகள் இந்த என்ஜின்கள்தாம் நீர் இறைத்தன. 1990இல் எல்லா விவசாயப் பம்புசெட்டுகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்த பின் அவை சாளைகளில் முடங்கின. சில பழைய இரும்புக் கடைக்குப் போயின, சில கரும்பு ஆலையாட்டப் போயின, இது ஆற்றுக்கு வந்தது.

பம்புசெட் வேலையில் பழகிய கை என்பதால் இதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. படகு என்ஜின் என்றவுடன் எல்லோரும் அஞ்சுவது அது சூடேறிச் சிக்கிவிடுமோ என்றுதான். நான் திறந்து பார்த்த ஆற்றுப் படகு என்ஜின்களில் சூட்டால் கெட்டவை குறைவு. போதிய சூடே ஏறாமல் ஓடி ஓடிக் கெட்டவைதாம் அதிகம்.

தோட்டத்தில் இந்த என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் அறையான ஜாக்கெட்டில் சூடான நீர் லேசாகி மேலேறித் தொட்டிக்குப் போகும், அடியிலிருந்து ஆறிய நீர் உள்ளே வரும். இதற்குப் பம்பு ஒன்றும் தேவையில்லை. என்ஜின் ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மேல் குழாயைத் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏறி, அங்கேயே நின்றுவிடும். படகில் ஏற்றியவர்கள் இந்தத் தொட்டியை எடுத்துவிட்டு, ஆற்று நீரைச் சிறு பம்பால் உறிஞ்சி ஜாக்கெட்டுக்குள் விட்டு வெளியே கொட்டும்படி செய்துவிட்டார்கள். 30 டிகிரிக்கும் குறைவாக உள்ளே போகும் காவிரி நீர், வெளியே வரும்போது வெதுவெதுப்பாகக்கூட இராது. "தண்ணி சில்லுனு வருதுங்க மாமா, என்ஜினுக்கு நல்லதுதானுங்களே?" என்றான் மச்சினன். அவன் மட்டுமல்ல, கரையில் இருந்த எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருந்தால், நாசில் தெளிக்கும் துளிகளில் ஒரு பகுதி எரியாமல் சுவரில் படிந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைக் கடந்து கீழேயுள்ள எண்ணெயில் கலக்கிறது. அரைகுறையாக எரிந்தது கரியாகி ரிங் காடிகளை அடைக்கிறது. அடைபட்ட ரிங் விரிந்து சுவரைப் பிடிக்காது; அழுத்தம் கசியும்; அழுத்தம் குறைந்தால் காற்றின் சூடு இன்னும் குறையும். பழைய டீசலில் கந்தகம் மிகுந்திருந்ததால், குளிர்ந்த சுவரில் அமிலமும் படிந்து சிலிண்டரின் உள்உறையான லைனரை அரித்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்து கந்தக அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்ட பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. கரியும் எண்ணெய் நீர்த்துப்போவதும் தீரவில்லை.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அக்கரைக்குப் போகும் ஓட்டம் சில நிமிடங்கள்தான். இருசக்கர வண்டிகளை ஏற்றி இறக்கும் நேரம் அதைவிட அதிகம். அந்த நேரமெல்லாம் என்ஜின் சுமையின்றி ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் நிறுத்தினால் மறுபடி ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இந்தப் படகில், கிளப்பும்போது வால்வைத் தூக்கி அழுத்தத்தை விடும் டீகம்ப்ரஷன் லீவர் தேய்ந்துபோய் வால்வை முழுதாகத் தூக்காமல் இருந்தது. இரண்டு பேர் பிடித்துச் சுற்றினாலும் பல நேரம் கிளம்பாது. நிறுத்தாமலே வைத்திருந்ததற்குச் சோம்பல் காரணமன்று. ஆகையால் நான் முதலில் செய்த வேலை, குளிர்ச்சிக்கே தொடர்பில்லாததுபோல் தோன்றும் அந்த லீவரின் முனையில் வெல்டு வைத்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்ததுதான். ஒருவரே சுற்றிக் கிளப்ப முடிந்ததும், கரையில் நிறுத்தி வைக்கும் பழக்கம் சொல்லாமலே வந்துவிட்டது.

கதவணைப் பராமரிப்புக்காகத் தேக்கத்து நீரை வடிக்கும் நாட்களில் படகு எப்படியும் தரையில்தான் நிற்கும். பெரிய வேலைகளை அப்போதுதான் எடுக்க முடியும். அதற்கு முன்பே, பவானியில் ஒரு பட்டறையில் இந்த என்ஜின் விடும் வெள்ளைப் புகையைப் பற்றிக் கேட்டுவிட்டு, என்ஜினைப் பார்க்காமலே லைனரும் பிஸ்டனும் போய்விட்டன என்று சொல்லியிருந்தார்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் சுமை மிகுதி அல்லது காற்றுப் பற்றாக்குறை, ஆற்றில் அது பெரும்பாலும் புரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டதன் அடையாளம். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகையோ எரியாத டீசல். அதற்குக் காரணம் நாசிலாக இருக்கலாம், பம்பின் டைமிங்காக இருக்கலாம், வெறும் குளிர்ச்சியாகவும் இருக்கலாம். சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றுவது அதற்கெல்லாம் பிறகு வர வேண்டிய வேலை.

எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தபோது, ஊற்றாமலே எண்ணெய் ஏறியிருந்தது. இப்படி ஏறுவது நல்ல செய்தியன்று. ஒரு தகர மூடியை அடுப்பில் சூடாக்கி அந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டேன். படபடவென்று வெடித்திருந்தால் நீர் கலந்திருக்கிறது, கேஸ்கெட்டையோ லைனரையோ சந்தேகிக்க வேண்டும். அது சத்தமில்லாமல் பரவிப் புகைந்தது. விரலில் தேய்த்தால் வழவழப்புக் குறைவு, முகர்ந்தால் டீசல் வாடை. இந்த வகை என்ஜினில் எண்ணெயை வடிகட்ட ஃபில்டர் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியிலுள்ள கரண்டி எண்ணெயை வாரித் தெளிப்பதே உயவு. நீர்த்த எண்ணெய் பெரிய பேரிங்கைத் தின்றுவிடும் என்பதால், அன்றே அதை வடித்துவிட்டு, என்ஜினின் எண்ணெய்த் தொட்டியின் அடியில் படிந்த கருஞ்சேற்றையும் கையால் வழித்தெடுத்துப் புது எண்ணெய் ஊற்றினோம்.

நீர் வடிந்த பிறகு குளிர்விக்கும் முறையையே மாற்றினோம். படகின் அடிப்புறத்தில் பக்கவாட்டுக் கட்டையை ஒட்டி ஒரு குழாயை முன்னும் பின்னுமாக மடக்கிப் பொருத்தி, ஜாக்கெட்டுக்குள் சுற்றும் நீர் அந்தக் குழாய் வழியாகவே ஆறி மீண்டும் என்ஜினுக்கு வரும்படி மூடிய சுற்றாக்கினோம். ஆற்று நீர் இனி குழாயின் வெளிப்புறத்தைத்தான் தொடும். மணலும் தாமரை வேரும் ஜாக்கெட்டுக்குள் வர வழியில்லை. (பழைய ஜாக்கெட்டின் அடிப் பிளக்கைக் கழற்றியபோது வந்த வண்டலில் ஒரு பூச்செடி வைத்திருக்கலாம்.) மேல் குழாயில், நீர் சூடேறிய பிறகே வழிவிடும் டிராக்டர் தெர்மோஸ்டாட் ஒன்றை உட்காரவைக்க, பள்ளிபாளையத்தில் லேத் போட்டிருக்கும் நண்பர் ஒரு கூடு கடைந்து கொடுத்தார். அதன் தட்டில் மூன்று மில்லிமீட்டர்த் துளை ஒன்று போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் கீழே காற்று தங்கி, சூடான நீர் தெர்மோஸ்டாட்டைத் தொடாமல், அது திறக்கவே திறக்காது. சுற்றுக்குள் ஊற்றுவது மழைநீராக இருந்தால் நல்லது. நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர் அண்டாவில் படிவதைப் போலவே ஜாக்கெட்டிலும் சுண்ணாம்பு படியும்.

இத்தனை செலவு செய்ய விரும்பாதவர்கள், வெளியேறும் குழாயிலிருந்து ஒரு பகுதி நீரைப் பம்பின் உறிஞ்சு குழாய்க்கே திருப்பி, நடுவில் ஒரு கேட் வால்வை வைக்கலாம். உள்ளே வரும் நீரை மட்டும் வால்வால் குறைப்பதை நான் ஆதரிப்பதில்லை. அப்படிக் குறைத்த சிறு இடைவெளியில் ஒரு தாமரை வேர் சிக்கினால் போதும், எல்லோரும் அஞ்சிய அந்தச் சூடு உண்மையாகவே வந்துவிடும்.

டீசல் பக்கத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட்டைத்தான் எடுப்பார்கள். அதன் பிசிறு நாசிலுக்குப் பகை. ஃபில்டர் கிண்ணத்தையும் குழாய் முனைகளையும் துடைக்க, நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துண்டைத் துவைத்துத் தனியே ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். கழற்றிய குழாய்களை மாட்டிய பிறகு, பம்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும்.

புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் நீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்டில், ஓடும்போது அவ்வப்போது ஒரு சொட்டு நீர் வரத்தான் வேண்டும். சொட்டே கூடாது என்று இறுக்குபவர்கள் கிளாண்டுக் கயிற்றைக் கருக்கி, தண்டிலும் கோடு போட்டுவிடுகிறார்கள்.

மாற்றத்துக்குப் பிறகு மேல் குழாயின் நீர் 70 டிகிரிக்கு மேலே நிற்கிறது, வெள்ளைப் புகை கிளப்பிய முதல் சில நிமிடங்களோடு அடங்கிவிடுகிறது, எண்ணெய்க் கம்பியில் அளவு ஏறுவதில்லை. ஹெட்டை இதுவரை கழற்றவில்லை. ரிங் காடிகளில் முன்பே படிந்த கரி எவ்வளவு என்பதை அடுத்த முறை கதவணையைத் திறந்து வடிக்கும்போது பிஸ்டனை உருவிப் பார்க்க வேண்டும். அதற்கான ரிங் செட்டையும் ஹெட் கேஸ்கெட்டையும் ஈரோட்டில் வாங்கி வைத்தாயிற்று.